சோமசுந்தர விலாசம்: முகவையில் புலவர் கூடிய மாளிகை

பெருநகரங்களின் இலக்கிய வரலாற்றைப் புரட்டினால் ஏதேனும் ஒரு மது விடுதியோ காப்பிக் கடையோ தவறாமல் எதிர்ப்படும். இலண்டன் மாநகரில் 1764ஆம் ஆண்டு டாக்டர் ஜான்சனும் ஓவியர் ரெனால்ட்சும் தொடங்கிய கழகம் ‘துருக்கர் தலை’ என்னும் விடுதியில் கூடியது. பர்க்கும் கோல்ட்ஸ்மித்தும் அதன் தொடக்க உறுப்பினர்கள். பாரிசின் புரோகோப் காப்பியகமும் கல்கத்தாவின் கல்லூரித் தெருக் காப்பியகமும் இவ்வாறே எழுத்தாளர்களாலும் கலைஞர்களாலும் புகழ் பெற்றவை. அங்கெல்லாம் கோப்பை ஒரு சாக்கு; பேச்சே மெய்யான விருந்து. அப்பேச்சிலும் பெரும்பகுதி பேசப்பட்ட இரவிலேயே கரைந்து போயிற்று. ஜான்சன் பேசியவை இன்றும் நம் காதில் விழுகின்றன என்றால், உடனிருந்த பாஸ்வெல் அவற்றைக் குறித்து வைத்து, 1791இல் நூலாக வெளியிட்டதே காரணம்.

இராமநாதபுரம் கடற்கரைச் சீமையில் அத்தகைய பெருநகரமும் இருந்ததில்லை. அத்தகைய விடுதியும் இருந்ததில்லை. வானம் பார்த்த கண்மாய்களும் பனங்காடுகளும் உப்புக்காற்றும் நிறைந்த மண் அது. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், தமிழகத்தின் பெரும்புலவர் பலருடைய வாழ்க்கை வரலாற்றில் ‘இராமநாதபுரம் சென்றார்’ என்றொரு வரி தவறாமல் இடம் பெறுகிறது. அவர்கள் தேடிச் சென்ற வாயில்கள் இரண்டு. ஒன்று சேதுபதி மன்னரின் அரண்மனை; மற்றொன்று பாலவநத்தம் ஜமீன்தார் பொ. பாண்டித்துரைத் தேவரின் ‘சோமசுந்தர விலாசம்’ என்னும் மாளிகை. அந்த மாளிகையில் கூடியவர் யாவர், அக்கூட்டத்தினின்று விளைந்தது யாது, அதன் கதவு யாருக்குத் திறக்கவில்லை என்பவை இலக்கிய அமைப்புகளில் ஈடுபட்டோர் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

சேதுச் சீமையின் பழைய அவைகள்

பாண்டித்துரைத் தேவரின் மாளிகை திடீரென முளைத்ததன்று. அதற்குப் பின்னால் இருநூறு ஆண்டு மரபு இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இரகுநாத சேதுபதியின் மீது அமிர்தகவிராயர் ‘ஒருதுறைக் கோவை’ பாடினார். ‘நாணிக் கண்புதைத்தல்’ என்னும் ஒரே துறையில் நானூறு பாடல்கள். ஒரே செய்தியை நானூறு விதமாகச் சொல்லப் புலவனுக்குத் துணிவு வேண்டும். அதனை அமர்ந்து கேட்க அவைக்கும் பயிற்சி வேண்டும். அத்தகைய செவிகள் முகவையில் இருந்தன என்பதற்கு அந்நூலே சான்று.

அந்நூற்றாண்டின் இறுதியில் கிழவன் சேதுபதி போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றினார். அவர் எடுப்பித்த ‘இராமலிங்க விலாசம்’ என்னும் கொலுமண்டபம் பிற்காலத்தில் வண்ண ஓவியங்களால் நிரப்பப்பட்டது. இராமகாதைக் காட்சிகளும், தஞ்சை மராத்தியரோடு நிகழ்ந்த போரும், ஐரோப்பியர் மன்னரைக் காணும் காட்சியும் அச்சுவர்களில் தீட்டப்பெற்றுள்ளன.

புரவலர் அரண்மனையில் மட்டும் இருக்கவில்லை. கீழக்கரைத் துறைமுகத்து வணிகப் பெருமகனார் சீதக்காதி, கிழவன் சேதுபதியின் நண்பர். படிக்காசுப் புலவர் அவர் வாயிலையும் தேடிச் சென்றவர். உமறுப் புலவர் சீறாப்புராணத்தை இயற்றத் துணை நின்றவரும் சீதக்காதியே என்பது இலக்கிய வரலாறு. பின்னர் எமனேசுவரத்து ஜவ்வாதுப் புலவர் சேதுபதிகளின் அவையில் சிறப்புப் பெற்றார்; முகைதீன் ஆண்டவர் மீது பிள்ளைத்தமிழ் பாடிய அவர் இராமேசுவரத் திருக்கோயிலின் காவலரான மன்னரின் அவையில் மதிக்கப்பெற்றார். தமிழ் அறிந்தவர் எச்சமயத்தவராயினும் இருக்கை பெறலாம் என்னும் மரபு இங்ஙனம் வேர்கொண்டது.

பொன்னுச்சாமித் தேவரும் சிதறிய பாடல்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மரபுக்குப் புத்துயிர் ஊட்டியவர் பொன்னுச்சாமித் தேவர். இவருடைய தம்பி முத்துராமலிங்க சேதுபதியை அரசி பர்வதவர்த்தினி நாச்சியார் தத்தெடுத்தார். அத்தத்து செல்லுமா என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1868இல் செல்லும் என முடிந்தது. இந்துச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் ‘இராமநாதபுரம் வழக்கு’ அதுவே. தம்பி பட்டத்தில் இருக்க, தமையனார் நிருவாகத்தைக் கவனித்தார். அதனினும் மேலாகப் புலவரைக் கவனித்தார். யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையுடன் திருக்குறளையும், திருக்கோவையார் உரையையும் 1861இல் செப்பமாக அச்சிட இவர் உதவினார்.

எனினும் இவருடைய தொண்டுகளுள் கவிஞர்கள் தனியே நினைக்க வேண்டியது ‘தனிப்பாடல் திரட்டு’. காளமேகம், இரட்டையர், ஔவையார் முதலியோர் பெயரால் வழங்கிய ஒற்றைப் பாடல்கள் நூலாக இயற்றப்பட்டவை அல்ல. விருந்தில், வழிநடையில், ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்ன அவையில், சில வேளை வசையாகவும் கேலியாகவும் அந்தந்தக் கணத்தில் பிறந்தவை. எவரும் ஓலையில் எழுதி வைக்காவிடில் ஒரு தலைமுறையில் மறைந்து போகத் தக்கவை. அவற்றைத் தொகுக்குமாறு பொன்னுச்சாமித் தேவர் வேண்ட, தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் திரட்டித் தந்தார். காளமேகத்தின் சிலேடை இன்று பள்ளிச் சிறுவன் நாவிலும் வழங்குகிறதென்றால் அத்திரட்டுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பெருங்காப்பியத்தைக் காக்க மடங்கள் இருந்தன. வாய்ப்பேச்சினின்று எழுந்த கவிதையைக் காக்க முகவை முன்வந்தது.

சோமசுந்தர விலாசம்

பொன்னுச்சாமித் தேவர் 1870இல் மறைந்தார். அவர் மகன் பாண்டித்துரை பிறந்தது 1867 மார்ச் 21. தந்தையின் அவையை நினைவில் வைத்திருக்க இயலாத மூன்று வயது. ஆதலின் தந்தை நடத்திய தமிழவையை மகன் கண்ணால் கண்டு கற்கவில்லை; அவ்வவையில் இருந்த புலவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக் கற்றார். புரவலர் புலவரைக் காத்தார் என்பதே பொதுவாக நாம் எழுதும் வரலாறு. இங்கோ புலவர்கள் ஒரு புரவலரை உருவாக்கினர்.

பதினேழாம் வயதில் ஜமீன் பொறுப்பை ஏற்ற தேவர், இராமநாதபுரத்தில் ஒரு மாளிகை எடுத்து, மதுரைச் சொக்கேசர் மீது கொண்ட பத்தியால் அதற்குச் ‘சோமசுந்தர விலாசம்’ எனப் பெயரிட்டார். அங்கே கூடியவர்களுள் முதல் வரிசையில் வைக்கத் தக்கவர் சேது சமஸ்தான வித்துவான் முத்துசாமி ஐயங்கார். தேவருக்குத் தமிழ் கற்பித்தவர். அவருடைய மருகர் ரா. இராகவையங்கார். அவருடைய மகன் மு. இராகவையங்கார். ஒரே குடும்பத்தின் இரண்டு தலைமுறையினர் ஒரே மாளிகையின் நிழலில் தமிழாய்ந்தனர். உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை 1898இல் பதிப்பித்தபோது தேவரின் உதவி அவருக்குக் கிட்டியது.

அம்மாளிகையில் தேவர் கேட்போராக மட்டும் அமர்ந்திருக்கவில்லை. பல நூல்களினின்றும் அறக்கருத்து அமைந்த பாடல்களைத் தெரிந்தெடுத்துப் ‘பன்னூற்றிரட்டு’ என்னும் தொகைநூலைத் தாமே உருவாக்கினார். தந்தை சிதறிய பாடல்களைத் திரட்டச் செய்தார். மகன் நூற்கடலில் மூழ்கித் திரட்டினார். இருவர் கையும் ஒரே வேலையைச் செய்தன.

அவரது தமிழ்ப்பற்றின் கடுமைக்கு ஒரு செய்தி வழங்குகிறது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர் ஒருவர், எதுகை மோனை சரியில்லை எனக் கருதித் திருக்குறளைத் தம் விருப்பப்படி ‘திருத்தி’ அச்சிட்டாராம். தேவர் அப்பிரதிகள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்கித் தீயிட்டார் என்பர். நூலை எரிப்பது இன்று எவரும் உவக்கும் செயலன்று. ஆயினும் பிழையான பாடம் ஒன்று பரவுவதை நெருப்புப் போல் அஞ்சிய ஒரு தலைமுறையின் மனநிலையை அச்செய்தி காட்டுகிறது.

அரண்மனையும் பாம்பன் துறையும்

தேவரின் மாளிகைக்கு இணையாக விளங்கியது அவருடைய உறவினரான பாஸ்கர சேதுபதியின் அரண்மனை. 1868இல் பிறந்த அவர் 1889இல் பட்டம் ஏற்றார். நவராத்திரி நாட்களில் வித்துவான்களும் இசைவாணரும் அரண்மனையில் திரண்டனர். ‘பூச்சி’ ஸ்ரீநிவாச ஐயங்கார் என்று இசையுலகம் அன்போடு அழைத்த இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் இச்சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தவர். அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் ஆசிரியர். இருபதாம் நூற்றாண்டின் கச்சேரி முறையை வகுத்தவர் என்று போற்றப்படும் அரியக்குடியின் பாட்டுக்குள்ளும் முகவை மண்ணின் உப்பு சிறிது இருந்தது எனலாம்.

சேதுபதியின் விருந்தினருள் உலகறிந்தவர் சுவாமி விவேகானந்தர். 1892ஆம் ஆண்டின் இறுதியில் மதுரையில் சேதுபதி அவரைச் சந்தித்தார். சிகாகோ சமயப் பேரவைக்குச் செல்லுமாறு ஊக்கினார். 1893இல் சிகாகோவில் புகழ் பெற்ற சுவாமிகள், 1897 ஜனவரி 26ஆம் நாள் இலங்கையிலிருந்து கடல் கடந்து பாம்பனில் இறங்கினார். பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் 1914இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கடல் வழியாக இந்திய மண்ணை மிதிப்போர்க்குப் பாம்பன் துறையும் ஒரு வாயில். மன்னர் அங்கே அவரை எதிர்கொண்டார். வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மக்களோடு மன்னரும் சேர்ந்து வண்டியை இழுத்தனர். மறுநாள் இராமேசுவரம் திருக்கோயிலில் சுவாமிகள் ஆற்றிய உரையில், ஏழையிடத்தும் நோயுற்றவனிடத்தும் இறைவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்னும் கருத்து ஓங்கி ஒலித்தது. அவர் இறங்கிய நினைவாகச் சேதுபதி நாற்பதடி உயரத் தூண் ஒன்றை நிறுவினார்.

அத்தூணைவிட நிலைத்தது வேறொன்று. சுவாமிகளோடு வந்த குட்வின் என்னும் ஆங்கிலேய இளைஞர் சுருக்கெழுத்து வல்லவர். கொழும்பு முதல் நிகழ்ந்த உரைகளை உடனிருந்து குறித்தார். பாம்பனிலும் இராமேசுவரத்திலும் இராமநாதபுரத்திலும் பேசப்பட்டவை இன்றும் நூலில் கிடைப்பது அந்த இளைஞரின் பென்சிலால். பாஸ்வெல்லுக்கு இலண்டனில் எந்த இடமோ, குட்வினுக்குச் சேதுக்கரையில் அந்த இடம்.

பாஸ்கர சேதுபதியின் கொடைக்கு எல்லை இருக்கவில்லை. கடனுக்கும் எல்லை இருக்கவில்லை. 1903 டிசம்பர் 27ஆம் நாள், முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார். ஒரு மனிதரின் ஈகையையே தூணாகக் கொண்ட அவை எத்துணை நொய்மையானது என்பதற்கு அவர் வாழ்வு சான்று. இவ்வுண்மையைப் பாண்டித்துரைத் தேவர் முன்னரே உணர்ந்திருக்க வேண்டும். அவர் அடுத்துச் செய்த செயல் அவ்வாறு எண்ணத் தூண்டுகிறது.

மாளிகையிலிருந்து சங்கத்துக்கு

1901ஆம் ஆண்டு சொற்பொழிவு ஒன்றிற்காகத் தேவர் மதுரை சென்றிருந்தார். உரைக்கு வேண்டிய குறிப்பெடுக்கத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்ததாகச் சொல்லப்படும் அம்மாநகரில் அவை உடனே கிடைக்கவில்லை. இந்நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டதே. ஆயினும் அதன் உட்பொருள் போதிய அளவு எண்ணப்படவில்லை. இராமநாதபுரத்தில் அவர் மாளிகையில் நூல்களுக்குக் குறைவில்லை. சொல்லித்தரும் புலவர்களுக்கும் குறைவில்லை. அம்மாளிகையின் வாயிலைத் தாண்டி வெளியே வந்தால் ஒரு மாநகரிலும் குறள் கிட்டாது என்ற நிலையை அவர் அன்று கண்டார். தம்முடைய மாளிகையின் வளமே தமக்கு நாட்டின் வறுமையை மறைத்திருந்தது என்று அவர் எண்ணியிருத்தல் கூடும்.

அவ்வாண்டு மே மாதம் மதுரையில் சென்னை மாகாண மாநாடு கூடியபோது தமிழ்ச்சங்கம் நிறுவும் கருத்தை அவர் முன்வைத்தார். 1901 செப்டம்பர் 14ஆம் நாள், மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில், நான்காம் தமிழ்ச்சங்கம் எனப் போற்றப்படும் மதுரைத் தமிழ்ச்சங்கம் தோன்றியது. சேதுபதியும் துணை நின்றார். பின்னர் 1904இல் சுப்பிரமணிய பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்ததும் இப்பள்ளியிலேயே.

சோமசுந்தர விலாசத்தில் நடந்தவை யாவும் இப்போது அமைப்பு வடிவம் பெற்றன. வாய்ப்பேச்சாக நடந்த நூலாராய்ச்சி, 1902இல் தொடங்கிய ‘செந்தமிழ்’ இதழாயிற்று. மாளிகையில் இருந்த ரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியரானார், அவருக்குப்பின் மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார். பரிதிமாற் கலைஞரின் ‘உயர்தனிச் செம்மொழி’ என்னும் கட்டுரை அவ்விதழில் வெளிவந்தது; நூறாண்டுக்குப்பின், 2004இல், இந்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. மாளிகையில் ஒருவர் இருவருக்குக் கிடைத்த பயிற்சி, சங்கத்தின் பண்டிதத் தேர்வுகளாகிப் பலருக்குக் கிடைத்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்து, அச்சிடுவோரின்றி வைத்திருந்த ‘அபிதான சிந்தாமணி’, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக 1910இல் சங்கத்தின் வழி வெளியாயிற்று. மு. இராகவையங்கார் 1913 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணியில் ஈடுபட்டார். ரா. இராகவையங்கார் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சித் துறைக்குச் சென்றார். ஒரு மாளிகையில் கூடியவர்கள் இங்ஙனம் நாட்டின் கல்வி நிலையங்களுக்குள் பரவினர்.

தமிழோடு கப்பலும் அக்காலத்துக் கனவாயிற்று. வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தபோது அதன் தலைவராக விளங்கியவர் பாண்டித்துரைத் தேவர். மூலதனத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் அளவில் பொருளும் தந்தார். 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார்; 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் தேவரும் தம் நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். கப்பல் கரை சேரவில்லை, சங்கம் நின்றது. நிறுவியவர் மறைந்தபின்னும் இதழ் வந்தது, தேர்வுகள் நடந்தன, நூல்கள் அச்சாயின. பாஸ்கர சேதுபதியின் அவைக்கு வாய்க்காத நற்பேறு அது.

கதவின் மறுபக்கம்

புகழ் மட்டும் பாடினால் வரலாறு ஆகாது. தமிழ் அறிந்த எச்சமயத்தவரையும் ஏற்ற சேதுச் சீமையில், வாயிற்படியில் நிறுத்தப்பட்டோரும் இருந்தனர். 1897இல், விவேகானந்தர் பாம்பனில் இறங்கிய அதே ஆண்டில், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி அவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு அவர் மறைவுக்குப் பின்னும் நீண்டு, 1908இல் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நாடார்களும் தாழ்த்தப்பட்டோரும் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஏழையிடம் இறைவனைக் காணச் சொன்ன உரையும், வழிபட வந்தவர் மீது தொடுத்த வழக்கும் ஒரே ஆண்டில், ஒரே சீமையில் நிகழ்ந்தன. இம்முரண்பாட்டை மன்னர் ஒருவரின் குறையாக மட்டும் கொண்டு கடந்து போதல் ஆகாது. அவைக்குள் அமர்ந்திருந்த கல்வியாளருள் எத்தனை பேர்க்கு அது முரணாகத் தோன்றியது என்பதே கேட்கத் தக்க வினா. பெண்பாற் புலவர் எவரும் சோமசுந்தர விலாசத்துப் பெயர் வரிசையில் இடம் பெறாமையும் அவ்வினாவோடு சேர்த்து எண்ண வேண்டியதே. கூடியவர் யாவர் என்பதோடு, கூட இயலாதவர் யாவர் என்பதும் ஓர் அவையின் வரலாறே.

எஞ்சி நிற்பவை

1949இல் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இராமநாதபுரம் ஜமீன் அரசின் வசமாயிற்று. இராமலிங்க விலாசம் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. சுவரோவியத்தில் மன்னர் இன்றும் கொலுவிருக்கிறார். எதிரே பாடுவோர்தாம் இல்லை. விருந்தின் சுவை, வெற்றிலைத் தட்டின் மணம், சிலேடை கேட்டு எழுந்த சிரிப்பு ஆகியவற்றை எந்த அருங்காட்சியகமும் காக்க இயலாது.

காக்க இயன்றவை சிலவே. தனிப்பாடல் திரட்டு காக்கப்பட்டது, ஒருவர் திரட்டியதால். பாம்பன் உரை காக்கப்பட்டது, ஒருவர் குறித்ததால். அபிதான சிந்தாமணி காக்கப்பட்டது, அச்சிட ஒரு சங்கம் இருந்ததால். இம்மூன்றும் செல்வத்தால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. எழுதுகோலும் பொறுமையும் ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குப் பணியை மாற்றித் தரும் ஏற்பாடும் சேர்ந்து நிகழ்ந்தவை.

பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சேதுபதியின் கருவூலம் இல்லை. தேவரின் மாளிகையும் இல்லை. வாடகைக் கூடமும், மாதம் ஒருமுறை கூடும் சில நாற்காலிகளும், உறுப்பினர் தரும் சிறு சந்தாவுமே அதன் செல்வம். ஆயினும் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட கவிதையையும் அதன்மேல் எழுந்த மறுப்பையும் நாள் குறித்து ஏட்டில் பதிந்து வைக்க மாளிகை வேண்டியதில்லை. இதுவரை வராதவர் ஒருவருக்கு முன்வரிசையில் இடமளிக்கவும் கருவூலம் வேண்டியதில்லை. பாண்டித்துரைத் தேவர் மதுரையில் குறள் கிட்டாத அன்று, தம் வீட்டில் அது இருக்கிறதென்று அமைதி கொள்ளாமல் ஊருக்கு அது வேண்டும் என்று எண்ணினார். சோமசுந்தர விலாசத்தினின்று நாம் பெறத் தக்க சொத்து அந்த எண்ணமே.